ஊக்கமும் உளச்சுமையும்

புதுத்தொழில் தொடங்குவோர் அச்சமறியாதவர் என்பது பொதுவான எண்ணம். கவலைப்படும் இயல்புடையோர் இம்முயற்சிக்கு ஏற்றவர் அல்லர் என்று கூறுவாரும் உளர். இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய, நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாற்றின் வாழ்க்கை துணைபுரியும்.

1765ஆம் ஆண்டில் ஒரு நாள், கிளாஸ்கோ நகரின் புல்வெளியில் உலாவிய வேளையிலே, நீராவியைத் தனிக்கலமொன்றிற் குளிரச்செய்தால் எரிபொருள் மிகுதியும் மீதமாகும் என்ற கருத்து அவருள்ளத்தில் உதித்தது. அக்கருத்து விற்பனைக்குரிய இயந்திரமாக உருப்பெறவோ பத்தாண்டுக்கு மேற் சென்றது. இடையிற் கடன் பெருகிற்று. குடும்பத்தைக் காக்கும் பொருட்டுக் கால்வாய்களுக்கு நில அளவை செய்தார். முதற் பங்காளியான ஜோன் ரோபக் பொருளிழந்து நொடிந்தார். 1773இல் வாற்றின் மனைவியும் மறைந்தார். தலைவலியும் மனச்சோர்வும் அவரை விடாது வருத்தின. ஆர்வம் இருந்தது, அச்சுமையைத் தாங்க ஆர்வம் மட்டும் போதவில்லை.

1775இல், பேர்மிங்ஹாமிற் சோஹோ தொழிற்சாலையை நடத்திய மத்தியூ போல்ற்றன் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். போல்ற்றனும் கடன் சுமந்தவரே. ஆயினும், வாற் இழப்பை அஞ்சிய இடத்தில் அவர் வாய்ப்பைக் கண்டார். சுரங்கத்து நீரை இறைப்பதோடு நில்லாது, ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றவும் இயந்திரம் வேண்டுமென வற்புறுத்தியவர் அவரே. 1781இல் வாற் அதற்கு வழிகண்டு காப்புரிமை பெற்றார்.

பேரம் பேசக் கூசிய வாற், வரைபடத்தின் முன் தளராதவர். பிழை நேருமோ என்ற அவரது கவலை, பணிமனையில் நுணுக்கமாக மாறிற்று. ஒருவரது துணிவும் மற்றவரது எச்சரிக்கையும் ஒன்றையொன்று காத்தன. எச்சரிக்கைக்கும் எல்லை உண்டென்பதை நேயர்கள் மறத்தலாகாது. வெடித்துவிடும் என்றஞ்சி உயர் அழுத்த நீராவியை வாற் ஏற்க மறுத்தார். அத்துறையிற் பிறரே முன்னேறினர்.

1800இற் காப்புரிமை முடிவுற்றதும் வாற் ஓய்வு பெற்றார். வீட்டின் மேன்மாடத்தில் பணிமனை அமைத்து, சிலைகளைப் படியெடுக்கும் பொறி செய்வதில் ஈடுபட்டார். கடனும் வழக்கும் நீங்கியபின்னும் ஆக்கும் ஆர்வம் அவரை நீங்கவில்லை.

ஆகவே, தம் உள்ளத்தில் அச்சம் உண்டென்பதற்காக இளைஞர் தொழில் முயற்சியினின்றும் பின்வாங்க வேண்டியதில்லை. தம்மால் தாங்கவியலாத பொறுப்பு எதுவென அறிந்து, அதனை ஏற்கவல்ல துணைவரை நாடுவதே அவர்தம் முதற்கடமை.