அடுப்பெரிக்க வெட்டிய மண் ஏரியான வரலாறு

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

  

அடுப்பெரிக்க மண் வெட்டிய ஊரார், முடிவில் அந்நிலத்தையே ஏரிகளாக்கிவிட்ட வரலாறு ஒன்றை இன்று கூற விழைகின்றேன். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள நார்போக்கில் நிகழ்ந்தது இது.

அங்குள்ள ஆற்றோரச் சதுப்புகளில் நாணலும் கோரையும் முழுதும் மட்காமல் பல்லாயிரம் ஆண்டுகள் படிந்து, 'பீட்' என்னும் கரிமண் ஆயின. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு முந்திய பருவம் என இதனைக் கொள்ளலாம். விறகு அருகிய அவ்வூர்களில், செங்கல் போல் வெட்டி உலர்த்திய இம்மண்ணே அடுப்பில் எரிந்தது. நார்விச் நகரத் துறவியர் மடத்தின் அடுக்களைக்கு மட்டும், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் கட்டிகள் செலவாயின. மடத்துக் கணக்கர் எழுதி வைத்தமையால் இதனை அறிகின்றோம். (கணக்கு எழுதுவதை வீண்வேலை என்போர் கவனிப்பார்களாக!)

மேல்மண் விரைவில் எரிந்து அணைந்துவிடும். மரக்கட்டைகள் புதைந்து மட்கிய அடிமண்ணோ நின்று எரியும். ஆகவே 10 அடி ஆழத்திற்கும் தோண்டினர். தத்தம் பங்கின் எல்லையாக இடையிடையே மண்சுவர்களை விட்டுவைத்தனர். இக்கரிமண் ஓர் அடி வளர ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகும். வெட்டுவதற்கோ ஒரு கோடை போதும்.

பின்னர்க் கடல் மட்டம் உயர்ந்தது. 1287-இல் பெருவெள்ளம் புகுந்தது. அடுத்த நூற்றாண்டில் பள்ளங்களில் நீர் இறைத்து மாளவில்லை. சிறிது காலம் நீருக்கடியிலிருந்தே சேற்றை வாரி உலர்த்திப் பார்த்துப் பின் கைவிட்டனர். பள்ளங்களில் மீன் பெருகிற்று. தலைமுறைகள் செல்லவே, வெட்டியவர் தம் முன்னோரே என்பதையும் மறந்தனர். இயற்கை ஏரிகள் என்றே அறிஞரும் நம்பினர்.

1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்னும் தாவரவியல் அம்மையார் நெருக்கமாகத் துளையிட்டுப் பார்த்தார். கரைகள் செங்குத்தாகவும் அடித்தளம் சமமாகவும் இருந்தன. பழைய எல்லைச் சுவர்களும் புலப்பட்டன. ஏரிகள் இயற்கையானவை என 1952-இல் எழுதிய ஜென்னிங்ஸ் என்பவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டு, 1960-இல் வெளிவந்த ஆய்வறிக்கையில் அம்மையாருடன் பங்கு கொண்டார். அவருடைய அப்பண்பை நான் பெரிதும் மதிக்கின்றேன். வெட்டியெடுத்த மண் சுமார் 90 கோடி கன அடி எனக் கணக்கிடப்பட்டது.

இன்னொன்றும் கூறவேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள பொதுநிலங்கள் சட்டப்படி தனியாருக்குப் பிரித்தளிக்கப்பட்டபோது, ஏழைகள் எரிபொருள் வெட்டிக்கொள்வதற்கெனப் பல ஊர்களில் சில துண்டுகள் ஒதுக்கப்பட்டன. பரந்த சதுப்பில் மாடு மேய்த்தும் நாணல் அறுத்தும் வந்தவர்க்கு, அவ்வளவே எஞ்சிற்று.