நுண்கணக்கிற்குத் துணைநூல் தேடுவார்க்கு



தமிழ்வழியிற் பயின்று, பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கிற்கு நல்ல மதிப்பெண்ணும் பெற்ற மாணவன் ஒருவன், பொறியியற் கல்லூரியின் முதற் பருவத்திலேயே அதே கணக்கில் தோற்று நிற்கின்றான் எனின், ஊரார் என்ன சொல்வர்? "உருப்போட்டு வாங்கிய மதிப்பெண்" என்பர். சில திங்களில் அவனே தன் அறிவை ஐயுறத் தொடங்கிவிடுவான். ஆனால், நடந்தது வேறு. பள்ளியில் 'வகைக்கெழு' என்று அவன் நன்கறிந்திருந்த பொருள், கல்லூரியில் 'டெரிவேட்டிவ்' என்னும் வேற்றுப் பெயருடன் வந்து நின்றது. ஆளைத் தெரியும், பெயர் தெரியவில்லை. கேட்பதற்கு நாணம். அவ்வளவே!

இந்நிலையில் பெற்றோர் கடன்பட்டுத் தனிவகுப்பிற்குப் பணங்கட்டுகின்றனர். அதற்குமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தமிழ்நாட்டரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. (பாடநூல் 'நுண்கணிதம்' என்னும், ஈண்டு 'நுண்கணக்கு' என்பதே ஆளப்பெறுகின்றது.) இரண்டையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, சார்பு, எல்லை, தொடுகோடு, வகைக்கெழு, தொகையீடு என ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஆங்கிலப் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிவருக. தெரிந்த கணக்கையே ஆங்கிலத்திற் படிப்பதால், மொழி மட்டுமே புதிது, பொருள் பழையது. வேறு எந்தத் துணைநூலைத் தொடுமுன்னும் இதனை முடித்துக்கொள்ளல் வேண்டும்.

அடுத்து, ஆங்கிலத்தில் ஒரு நூல். இலண்டனில் பின்சுபரித் தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராயிருந்த சில்வேனசு தாம்சன் என்னும் இயற்பியலறிஞர், 1910-இல் தம் பெயரை மறைத்து, 'கால்குலசு மேடு ஈசி' என்னும் நூலை வெளியிட்டார். 'எளிதாக்கப்பட்ட நுண்கணக்கு' என்பது அதன் பொருள். அவர் 1916-இல் மறைந்தார். அந்நூலின் உரிமைக் காலம் கழிந்துவிட்டமையால், குட்டன்பர்க்குத் திட்டத்தின் தளத்தில் எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம்.

அந்நூல் செய்த வேலை யாது? மாணவனை வெருட்டும் குறியீடுகளுக்கு வீட்டுமொழியிற் பொருள் சொன்னது. 'டீ' என்னும் எழுத்தை 'சிறிதளவு' என்று படி. நீண்டு வளைந்த தொகைக் குறியைக் 'கூட்டு' என்று படி என்பதே அதன் சாரம். பிறகு, சிறிதின் சிறிதை ஏன் தள்ளிவிடலாம் என்று காட்டும். அதனை நம் பழைய கீழ்வாயிலக்கத்தாலேயே பார்க்கலாம்.

பக்கம் ஒரு கோல் கொண்ட, நாற்புறமும் ஒத்த கட்டம் ஒன்று. பக்கம் ஒரு முந்திரியளவு, அஃதாவது 1/320 கோல் வளர்கின்றது. பரப்பு எவ்வளவு கூடும்? இருபுறத்தும் இரண்டு பட்டைகள் சேரும். ஒவ்வொன்றும் ஒரு முந்திரி. மூலையில் ஒரு சிறு துண்டு சேரும். அது முந்திரியின் முந்திரி, 1/102400. அதற்கும் தமிழில் பெயருண்டு: கீழ்முந்திரி! பட்டைகளின் முன் அத்துண்டு ஒரு பொருட்டன்று. வளர்ச்சி மேலும் சிறுகச் சிறுக, அத்துண்டு இன்னும் விரைந்து சிறுகும். அதனைத் தள்ளினால் எஞ்சுவன இரு பட்டைகள். பக்கத்தின் வளர்ச்சியைப் போல் பக்கத்தின் இருமடங்கு வீதத்தில் பரப்பு வளரும் என்னும் வாய்பாடு அங்கே கண்முன் நிற்கின்றது. இதனைக் கொண்டு நம் முன்னோர் நுண்கணக்கு கண்டார் என்று மார்தட்ட வேண்டா, அது பொய்ப்பெருமை. சிறிதின் சிறிதைக் குறிக்கச் சொல் வைத்திருந்தனர் என்பதே மெய், அதுவே போதும்.

தாம்சன் நூலில் குறையுமுண்டு. பழைய ஆங்கிலக் காசும் அளவும் இடையிடையே வரும். 'எல்லை' என்னும் கருத்தை அது முறையாக வரையறுக்காது; அதற்குப் பாடநூலே துணை. 'சிறிதளவு' என்னும் பேச்சு பிழையென்று கணக்கறிஞர் நெடுங்காலம் ஒதுக்கினர். 1960-களில் ஆபிரகாம் இராபின்சன் அதற்குத் திண்ணிய அடிப்படை அமைத்தார். அவ்வழியில் செரோம் கீசுலர் 1976-இல் எழுதிய தொடக்கநிலை நூலும் இன்று இணையத்தில் விலையில்லாதது; ஆர்வமுடையார் பின்னர்ப் பார்க்கலாம்.

பொறியியல் மாணவர்க்குக் கில்பர்ட்டு இசுட்ராங்கு 1991-இல் வெளியிட்ட நுண்கணக்கு நூலே மிகவும் பொருந்தும். மாசசூசெட்டுசுத் தொழில்நுட்ப நிறுவனம் அதனைப் பயிற்சித் துணையேட்டுடன் தன் திறந்த பாடத் தளத்தில் வைத்துள்ளது. இரைசுப் பல்கலைக்கழகத்தின் 'ஓப்பன்சிட்டாக்சு' மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூலும் உண்டு. பயிற்சிக் கணக்குகள் மிகுதியாக வேண்டுவோர் அதனை நாடுக.

எல்லாவற்றையும் இறக்கிக் கைப்பேசியில் நிரப்பிவைத்தல் கற்றலாகாது. பாடநூலோடு ஒன்றே ஒன்று போதும். தாம்சன் நூலில் பயிற்சிகளுக்கு விடையும் இறுதியிற் கொடுக்கப்பட்டுள்ளது. தாளும் கரிக்கோலும் எடுத்து, நாளொன்றுக்கு ஐந்து கணக்காயினும் போட்டு முடித்த பின்னரே அப்பக்கத்தைப் புரட்டுக. கைப்பேசியில்லாத மாணவர்க்கு, ஊர்ப் படிப்பக அன்பர்கள் முதல் ஐந்து இயல்களைப் படியெடுத்துத் தைத்துக் கொடுக்கலாம்.