தேயிலை மலையில் மிச்சமிருக்கும் இருட்டு

கேமரன் மலைக்குப் போய் வந்த எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி ஒரு படம் இருக்கும். பின்னால் தேயிலைச் சரிவு, முன்னால் குடும்பம், நேரம் நடுப்பகல். உச்சி வெயிலில் நிழல் விழாது. நிழல் இல்லையென்றால் நிரை நிரையாக நிற்கும் தேயிலையின் அழகு படத்தில் வராது. பச்சைப் பாயை விரித்த மாதிரி தட்டையாக இருக்கும்.

அதே சரிவைக் காலை எட்டு மணிக்குப் பாருங்கள். சாய்வான வெயிலில் ஒவ்வொரு நிரையும் தனித்தனியாக எழுந்து நிற்கும். பள்ளத்தில் பனிமூட்டம் தங்கியிருந்தால் யோகம்தான். 1933இல் தொடங்கிய பாரத் தேயிலைத் தோட்டத்தை ரிங்லெட், தானா ராத்தா சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். பிரிஞ்சாங்கைத் தாண்டினால் சுங்கை பாலாஸ். 1929இல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டம் அது. அங்குள்ள தேநீர் நிலையத்தின் மேடை சரிவுக்கு மேலே அந்தரத்தில் நீண்டு நிற்கிறது. அதற்கும் மேலே 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் சிகரம்.

இதெல்லாம் பகல் கதை. இரவு வானத்தைப் படமெடுக்க வருபவர்களுக்குத் தெளிந்த வானம், நிலா இல்லாத இரவு, நல்ல இருட்டு என்று மூன்று வேண்டும். முதல் இரண்டும் காத்திருந்தால் கிடைக்கும். மூன்றாவதுதான் இங்கே குறைந்துகொண்டு வருகிறது.

காரணம் செவ்வந்திப் பூ என்றால் நம்புவீர்களா? இரவு நீளமாக இருந்தால்தான் செவ்வந்தி மொட்டு விடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வருடம் முழுவதும் இரவு ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். அப்படியே விட்டால் தண்டு வளரும் முன்பே செடி பூத்துவிடும். அதனால் இரவில் விளக்குப் போட்டு, இரவு குறுகியதென்று செடியை ஏமாற்றுகிறார்கள். பிளாஸ்டிக் கூரைக்குள் எரியும் விளக்கு வெளியே தெரியாமல் போகுமா? கூடாரம் முழுக்க லாந்தர் மாதிரி ஒளிர்கிறது, மேலே மேகமும் சேர்ந்து வெளுக்கிறது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது, அது அவர் பிழைப்பு. ஆனால் வெளிச்சம் கீழே மட்டும் விழுமாறு விளக்குக்கு ஒரு மூடி போடலாம். இரவின் நடுவில் சில மணி நேரம் எரித்தாலே செடி ஏமாந்துவிடும், விடியவிடிய எரிய வேண்டியதில்லை.

தேயிலைக்கு இந்த விளக்கு எதுவும் தேவையில்லை. அதனால்தான் கேமரன் மலையின் மிச்ச இருட்டு தேயிலைத் தோட்டங்களின் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. தோட்டம் அழிந்து கூடாரம் ஏறினால், பச்சையோடு சேர்ந்து அந்த இருட்டும் போய்விடும்.

மழை குறைவான பிப்ரவரி, மார்ச் மாதங்களே வசதி. அதிகாலை ஐந்து மணிக்குத் தென்கிழக்கே பாருங்கள். விருச்சிகத்தை ஒட்டி பால்வீதியின் அடர்ந்த பகுதி எழுந்திருக்கும். நம் நாட்டில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிப்பதால் ஆறு மணி வரைக்கும் நட்சத்திரம் கிடைக்கும். மே மாதமென்றால் இரவு பத்து மணிக்குத் தெற்கே திரிசங்கு நிமிர்ந்து நிற்கும். துருவ நட்சத்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். இங்கே அது அடிவானத்திலிருந்து நாலரை டிகிரி உயரம்தான், மலை மறைத்துவிடும்.

கேமராவை முக்காலியில் வையுங்கள். 20 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 25 வினாடிக்கு மேல் திறந்து வைக்காதீர்கள். பூமி சுழல்வதால் புள்ளி கோடாகிவிடும். பனியில் லென்ஸ் மங்கும், உலர்ந்த துணி கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. தோட்டம் தனியார் நிலம். இருட்டிய பிறகு கேட்காமல் உள்ளே நுழையக் கூடாது. பகலிலும் கொழுந்து பறிப்பவர் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு காலத்தில் அந்தக் கூடையைச் சுமந்தது நம் பாட்டிமார். இன்று பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள்.

விடியுமுன் லயத்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியத் தொடங்கும். வேலைக்குப் புறப்படுகிறார்கள். அந்த வெளிச்சம் படத்தில் விழுந்தால் விழட்டும்.