புற்றுநோய் தலைவிதியா?

புற்றுநோய் என்று தெரிந்தவுடன் டாக்டரைத் தேடுவதற்கு முன் ஜோசியனைத் தேடும் வீடுகள் நம்மில் இன்னும் அநேகம். பூர்வ ஜென்ம பாவம் என்று அவன் சொல்லுகிறான். பரிகாரம் முடிவதற்குள் கட்டி பரவிவிடுகிறது. ஆகவே, இந்நோயைப் பற்றி அறிவு என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம்.

நம் இரத்தத்தில் டி அணுக்கள் என்னும் காவல்காரர்கள் உண்டு. கெட்டுப்போன அணுக்களைக் கொல்லுவது அவர்கள் வேலை. அப்படியானால் புற்றுக்கட்டியை ஏன் விட்டுவைக்கிறார்கள்? காவல்காரர்கள் வரம்பு மீறி நல்ல உடம்பையே அழித்துவிடாமலிருக்க அவர்களுக்குப் பிரேக்குகள் இருக்கின்றன. புற்று அணு அந்தப் பிரேக்கை அமுக்கிவிடுகிறது. காவல்காரன் கைகட்டி நிற்கிறான். நம்மிடம் பலமில்லாமலல்ல, பலத்தை அடக்கி வைத்திருப்பதால்தான் தோல்வி!

இப்பிரேக்குகளில் ஒன்றான பி.டி.1 என்பதை 1992ல் ஜப்பானில் டசுக்கு ஹோன்ஜோவின் கூட்டத்தார் கண்டார்கள். அதன் வேலை இன்னதென்று பல வருஷச் சோதனைக்குப் பிறகே விளங்கிற்று. சி.டி.எல்.ஏ.4 என்னும் மற்றொரு பிரேக்கைத் தடுத்தால் எலிகளின் கட்டி கரைகிறதென்று அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆலிசன் 1996ல் காட்டினார். 2011ல் அது மனிதருக்கு மருந்தாயிற்று. 2018ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015ல், 90வது வயதில், புற்று மூளை வரை பரவியிருந்தது. அவர் சர்ச்சில் பைபிள் போதித்தவர்தான். ஆனாலும் ஆபரேஷனும், கதிர்ச் சிகிச்சையும், பி.டி.1ஐத் தடுக்கும் மருந்தும் செய்துகொண்டார். அவ்வருஷ முடிவிலேயே புற்றின் அடையாளம் காணவில்லை. 2024ல், 100 வயதில்தான் இறந்தார்.

நிற்க, இம்மருந்து எல்லோருக்கும் பலிப்பதில்லை. பிரேக்கை விட்டால் காவல்காரர்கள் நுரையீரலையும் குடலையும் தாக்குவதுமுண்டு. இதைச் சொல்லுகிறவர்களும் விஞ்ஞானிகளேதான். பரிகாரம் பலிக்கவில்லையென்று எந்தப் புரோகிதனாவது கணக்குக் காட்டியதுண்டா?

மற்றொன்று, இம்மருந்துக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும். மருந்திருந்தும் ஏழை சாவானேயானால் அதுவும் விதியல்ல. மனிதன் செய்த ஏற்பாடு. மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும்படி நாம் கேட்டே தீரவேண்டும்.

ஆதலால் தோழர்களே! ஆறாத புண்ணோ, புதிய கட்டியோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பரிகாரத்துக்கு எடுத்து வைத்த பணம் பரிசோதனைக்குப் போகட்டும்.