எமது ஊர் ஆஸ்பத்திரிகள்

(பழைய மாணவர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளின் வரலாற்றைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். கட்டடங்களைப் பற்றி அல்ல, அவற்றின் வாசற்படியை மிதிக்க எமது மக்களுக்கு எப்படி மனம் வந்தது என்பதைப் பற்றியே பேச விரும்புகின்றோம்.

1820இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்யத் தொடங்கினார். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அடுத்த ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டார். 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் நகரில் எழுந்த தரும ஆஸ்பத்திரியே இன்றைய போதனா வைத்தியசாலையின் வித்து.

இவர்களுள் கிறீன் செய்த காரியம் தனித்துவமானது. ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவதை அவர் கண்டார். ஆகவே தாமே தமிழ் கற்று, 1860களில் தமிழிலேயே வகுப்பு நடத்தினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலான நூல்கள் அவராலும் அவருடைய மாணவர்களாலும் தமிழில் வந்தன. இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டார். படித்தவன் ஊரில் இருக்க வேண்டும், நோயாளியின் மொழியில் பேச வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

ஆனாலும் ஆண் வைத்தியரிடம் காட்டக் கூசி வீட்டிலேயே துன்பப்பட்ட பெண்கள் பலர். அவர்களுக்காக லீச் சகோதரிகள் திரட்டிய பணத்தில், 1898இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. இசபெல்லா கேர் என்ற பெண் வைத்தியர் நெடுங்காலம் அங்கு பணிபுரிந்தார். “நாங்கள் இணுவில் ஆஸ்பத்திரியிலை பிறந்தனாங்கள்” என்று சொல்லும் அம்மம்மாக்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள்.

மொழியும் வந்தது, பெண் வைத்தியரும் வந்தார். இனிக் குறை என்ன என்று நாம் நினைத்திருந்தோம். வைத்தியராகிய புதிதில் அந்த எண்ணம் கலைந்தது.

ஒரு நாள் எமது கிளினிக்கில் மருந்தெடுக்கும் வயதான அம்மா ஒருவரை மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். சீனி வருத்தக் குளிசையை ஒழுங்காகப் போட்டிருக்கிறார். ஆனால் அன்று விரதம், சாப்பிடவில்லை. இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய பின்புதான் கண் திறந்தார்.

“விரதம் எண்டு ஏன் அம்மா முதலே சொல்லேல்லை?” என்று கேட்டோம்.

“நீங்கள் கேக்கேல்லையே பிள்ளை. குனிஞ்சு எழுதிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்றும் சுடுகின்றது. அதே ஊரில் பிறந்து, அதே தமிழைப் பேசி, வீட்டிலும் விரதம் பார்த்து வளர்ந்த எமக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. கடல் கடந்து வந்த ஒருவர் எமது மொழியைக் கற்றார். நாமோ அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசாதிருந்தோம். அன்றிலிருந்து, குளிசை எழுதுமுன் பேனாவை வைத்துவிட்டு, “விரதம் பிடிக்கிறனீங்களோ?” என்று கேட்கப் பழகினோம்.

எமது வகுப்பிலிருந்து வைத்தியரானவர்கள் சிலர். தாதியரும் குடும்பநல உத்தியோகத்தரும் ஆனவர்கள் அவர்களிலும் அதிகம். வீடு வீடாகச் சென்று மனம்விட்டுப் பேச வைப்பவர்கள் அவர்களே. இந்த வரலாற்றின் பெரும்பங்கு அவர்களுடையது.

இங்கிருக்கும் மாணவிகளே, உங்களில் யாராவது நாளை வெள்ளைக் கோட்டு அணிந்தால், நோயாளியின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். தாய்மாரே, நாங்கள் கேட்க மறந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.