பொறியியற் கல்லூரிகளும் அவற்றின் வாயில்களும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நாம் மெட்ரிகுலேஷன் தேறிய இரயில்வே எழுத்தர்; கல்லூரியிற் பயின்றவரல்லர். எனினும், விதிகளைப் படித்துக் கோப்பிற் குறிப்பெழுதுவதே நமது அன்றாடத் தொழில். அந்தப் பழக்கத்தைத் துணைக்கொண்டு, பொறியியற் கல்லூரிகளின் சேர்க்கை விதிகளை ஒப்பிட்டுச் சில சொல்ல விழைகிறோம்.

கல்லூரிகளின் பெருமையை ஒப்பிடாத வீடு இக்கரக்பூரில் இல்லை. ஆனால் நம் போன்ற குடும்பங்கள் முதலில் ஒப்பிட வேண்டியது அவற்றின் வாயில்களையே. ஒவ்வொரு வாயிலும் வெவ்வேறு கேள்வி கேட்கிறது.

முதலாவது, நம் ஊரிலேயே உள்ள ஐ.ஐ.டி. விடுதலை வீரர்களைச் சிறைவைத்த ஹிஜ்லி முகாம் கட்டிடத்தில் 1951-இல் தொடங்கிய இதுவே இந்தியாவின் முதல் ஐ.ஐ.டி.; இன்று 23 உள்ளன. இங்கே ஊருக்கோ மாநிலத்துக்கோ தனிப் பங்கில்லை. எதிர்வீட்டுப் பிள்ளையும் ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஜே.இ.இ. மெயின் தேர்வில் முன்னணியில் வரும் சுமார் 2,50,000 பேரே ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதலாம், அதையும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இருமுறைக்கு மேல் எழுத இயலாது. மெயின் தேர்வின் வினாத்தாள் 2021 முதல் தமிழிலும் கிடைக்கிறது. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே.

இரண்டாவது, என்.ஐ.டி.க்கள் 31. இவற்றுக்கு மெயின் தேர்வே போதும். ஆயினும் பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். அல்லது தம் வாரியத்தில் தேறியோருள் முதல் இருபது விழுக்காட்டினருள் இருக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கு 65 விழுக்காடு. இங்கே பாதி இடங்கள் சொந்த மாநிலத்தார்க்கு உரியவை. நம்மவர் தடுமாறும் இடம் இதுவே. சொந்த மாநிலம் என்பது பாட்டன் பிறந்த ஊரன்று. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாநிலமே.

நம் அலுவலக நண்பர் ஒருவர் திருச்சி மாவட்டத்தார். மகன் இங்கே பத்தாம் வகுப்பு முடித்தான். தந்தைக்குச் சக்ரதர்பூர் மாற்றல் வரவே, பன்னிரண்டாம் வகுப்பை அங்கே தேறினான். கலந்தாய்வில் அவனுடைய மாநிலம் ஜார்க்கண்ட் ஆயிற்று. திருச்சி என்.ஐ.டி. நம் ஊர்தானே என்று அதையே நம்பியிருந்தார்கள். அங்கே அவன் பிற மாநிலத்தான். ஜாம்ஷெட்பூர் என்.ஐ.டி.யிலோ அவனுக்குச் சொந்த மாநிலப் பங்கு இருந்தது. ஆனால் விருப்பப் பட்டியலில் அதன் பெயரையே எழுதவில்லை. அவ்வாண்டு இரண்டும் கிட்டவில்லை. பிள்ளையின் அறிவிற் குறையில்லை. விதியை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

மூன்றாவது, தமிழ்நாட்டு அரசின் கலந்தாய்வு. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே நுழைவுத் தேர்வு ஒழிந்தது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணாலேயே தரவரிசை வகுக்கிறார்கள். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியற் கல்லூரிக்கும் இதுவே வழி. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வெளி மாநிலத்திற் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பிறப்பிடச் சான்றிதழ் காட்டி விண்ணப்பிக்கலாம். இடஒதுக்கீடு வேண்டுவோர்க்குத் தமிழ்நாட்டு அதிகாரிகள் வழங்கிய சாதிச் சான்றிதழும் வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்க்குரிய 7.5 விழுக்காடு மட்டும் நமக்கில்லை. அது ஆறாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்தவர்க்கு உரியது.

ஆக, திருச்சி என்.ஐ.டி. நம் பூர்விகத்தைக் கேட்பதில்லை. கிண்டி நுழைவுத் தேர்வைக் கேட்பதில்லை. இரண்டும் தமிழ்நாட்டில் இருப்பினும் வாயில்கள் வேறு வேறு.

மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைப் பெற்றோர் ஏசுதல் வேண்டா. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக்கில் டிப்ளமா பெற்றவர், பொறியியற் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேர வழியுண்டு. நம் இரயில்வேயில் ஜூனியர் எஞ்சினியர் பதவிக்கும் டிப்ளமா தகுதியே. அது சிறிய வாயிலாயினும் உள்ளே கொண்டு சேர்க்கும் வாயில்.

பெற்றோர்க்கு நமது வேண்டுகோள் மூன்று. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே, பன்னிரண்டை எந்த மாநிலத்தில் முடிப்பது என்று முடிவு செய்யுங்கள். கல்வியாண்டின் நடுவில் மாற்றல் வந்தால், படிப்பைக் காரணம் காட்டிக் குவார்ட்டர்ஸைச் சில காலம் வைத்துக்கொள்ள விதியில் இடமுண்டு. தயங்காமல் மனுச் செய்யுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கோயிலுக்குப் போவதோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சென்று சான்றிதழ்களுக்கு ஏற்பாடு செய்து வாருங்கள்.

சங்கத்துக்கு வேண்டுகோள் ஒன்று. விதிகள் ஆண்டுதோறும் திருத்தம் பெறுகின்றன. அவ்வாண்டின் அறிவிப்புகளைத் திரட்டி நம் நூலகத்தில் ஒரு கோப்பாக வைக்க வேண்டும். அக்கோப்பைப் பேணும் பணியை நமக்கே தந்தால் மகிழ்வோடு ஏற்போம்.

 வளர்க சங்கம்! வாழ்க தமிழ்!