79 நாளும் 4 நாளும்

(படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆராய்ச்சி நிலையங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் வழக்கறிஞர் நினைவுக்கு வருவார், முத்திரைத் தாள் நினைவுக்கு வரும், சிலருக்குக் கொட்டாவியும் வரும். எனவே தாளைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் உங்களை உகாண்டா நாட்டிற்கு அழைத்துச் செல்கிறேன்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், எபோலா பரவுகிறது என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. எபோலாவில் வகைகள் உண்டு. 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000 பேருக்கு மேல் பலிகொண்ட வகைக்குத் தடுப்பூசி கண்டாயிற்று. உகாண்டாவில் தலைகாட்டியதோ சூடான் வகை; அதற்கென ஏற்கப்பட்ட தடுப்பூசி இல்லை. ஆய்வு நிலையில் சில மருந்துகள் இருந்தன. அவை காக்குமா, காக்காதா என்பதை நோய் பரவும் காலத்தில், பரவும் இடத்தில்தான் சோதித்தறிய முடியும்.

மருந்து வந்தது தோழர்களே, வந்தது! டிசம்பர் 8ஆம் நாள், முதல் தவணையாக 1,200 பேருக்கான ஊசி மருந்து வந்திறங்கியது. அறிவிப்பு வெளியாகி 79 நாட்கள் ஆகியிருந்தன. கடைசி நோயாளி நவம்பர் 30ஆம் நாளே மருத்துவமனையை விட்டு வீடு திரும்பிவிட்டார். இலை எடுத்த பின் சோறு வந்தது! நோய் என்று ஐயுறத்தக்கவர்களையும் சேர்த்து 164 பேர் நோயுற்று, அவருள் 77 பேர் மாண்டனர். நோய் ஓய்ந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் அம்மருந்தின் ஆற்றலை அறியும் வாய்ப்பும் அதனுடனேயே ஓய்ந்தது.

அதே நோய், அதே நாட்டில், 2025ஆம் ஆண்டு மீண்டும் வந்தது. முதலில் வீழ்ந்தவர் தலைநகர் கம்பாலாவின் மருத்துவமனைத் தாதியர் ஒருவர். சனவரி 30இல் அறிவிப்பு. பிப்ரவரி 3இல் தடுப்பூசி ஆய்வு தொடக்கம். நான்கே நாட்கள்!

இடையில் நிகழ்ந்த மாயம் யாது? மாயம் ஏதுமில்லை. நோய் இல்லாத காலத்திலேயே மருந்தைத் தருவித்து உகாண்டாவிலேயே இருப்பு வைத்தார்கள். ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே எழுதினார்கள். மக்கெரெரே பல்கலைக்கழகம் என்ன செய்யும், உகாண்டா நச்சுயிரி ஆராய்ச்சி நிலையம் என்ன செய்யும், உலக சுகாதார நிறுவனம் எதற்குப் பொறுப்பு என்பவற்றை அமைதியாக அமர்ந்து பேசி ஆயத்தம் செய்திருந்தார்கள்.

2022ஆம் ஆண்டுத் தாமதம் முழுவதையும் தாளின் தலையில் கட்டுவதற்கில்லை. சில மருந்துகள் குப்பிகளில் அடைக்கப்படாமலே இருந்தன. அது தொழிற்சாலையின் குறை. ஆயினும் இத்தகைய கூட்டு ஆய்வு எதுவாயினும், சில வினாக்களுக்கு எழுத்தில் விடை கிடைக்கும் வரை ஊசி அசையாது. நோயாளியிடம் எடுத்த குருதி யாருடையது? அதிலிருந்து கண்டறிந்த செய்தி யாருக்கு உரியது? ஆய்வுக்கு உடன்பட்டவருக்குத் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு தருபவர் யார்? வழக்கு எழுந்தால் எந்த நாட்டு நீதிமன்றம்? நாளை அதனால் ஒரு மருந்து பிறந்தால், அது குருதி கொடுத்தவன் ஊருக்கு என்ன விலையில் வரும்? கொள்ளை நோய் கொல்லைப்புறம் வந்து நிற்கும்போது இவற்றை முதன்முறையாகப் பேசத் தொடங்கினால், கடிதம் போய்க் கடிதம் வருவதற்குள் கல்லறை நிறைந்துவிடும்.

“அப்படியானால் நீட்டிய தாளில் கையொப்பமிட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாமே” என்பார் சிலர். அவர்களுக்கு இந்தோனேசியாவைக் காட்டுகிறேன். பறவைக் காய்ச்சல் நச்சுயிரியை உலகிற்கு அனுப்பிவந்த அந்நாடு, 2007ஆம் ஆண்டில் அனுப்ப மறுத்தது. தன் மக்களின் உடலிலிருந்து எடுத்த நச்சுயிரியைக் கொண்டு ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் தடுப்பூசி செய்கிறது. அதை வாங்கும் வசதியோ தன் மக்களுக்கு இல்லை என்பது அதன் முறையீடு. அன்றைய அமைச்சர் சித்தி ஃபதிலா சுபாரியை உலகமே கடிந்துகொண்டது. கண்காணிப்பு தடைப்பட்டது உலகிற்கு ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. அதற்கு விடையாக ஒரு பொது ஒப்பந்தம் 2011ஆம் ஆண்டில்தான் வந்தது: நச்சுயிரி பெறும் நிறுவனங்கள், தாம் செய்யும் தடுப்பூசி முதலியவற்றில் ஒரு பங்கைத் தர முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். நான்காண்டு பிடித்தது. நீதி இல்லாத விரைவு பாதியில் நின்றுவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கூட்டு முயற்சி என்றாலே கொள்ளை என்று கருதும் தோழர்களும் இங்கே உண்டு. அவர்களுக்குச் சென்னையைக் காட்டலாம். 1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கைகோத்து இங்கே ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கின. மருத்துவமனையில் படுக்க வைத்த நோயாளியும், நெருக்கடியான வீட்டிலேயே மருந்து உண்ட ஏழை நோயாளியும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தேறினர் என்ற முடிவு 1959இல் வெளியாயிற்று. உலகெங்கும் காசநோய் மருத்துவமே திசை மாறியது. மையம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. 1964இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சொந்த நிலையமாகி, சென்னையிலேயே தங்கிவிட்டது.

வழியும் புதிதன்று. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு ஒரு பொதுப் படிவம் வகுத்தார்கள். அதில் ஒருமுறை கையொப்பமிட்ட நிலையங்கள், பின்னர் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு கடிதத்தோடு ஆய்வுப் பொருளைப் பரிமாறிக்கொள்ளலாம். பெரிய சண்டை ஒருமுறை மட்டுமே!

2025ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் உலக சுகாதாரப் பேரவை, கொள்ளை நோய் உடன்படிக்கையை ஏற்றது. ஆனால் நச்சுயிரியைத் தருவோருக்கு மருந்தில் என்ன பங்கு என்னும் பகுதியைப் பின்னர் எழுதலாம் என்று தள்ளிவைத்துத்தான் ஏற்றது. கடினமான பக்கம்தான் கடைசிப் பக்கமாகிறது. எங்கும் இதே கதை.

வெளிநாட்டு நிலையங்களோடு செய்யும் மருத்துவ ஆய்வுகள் நம் நாட்டில் நல்வாழ்வு அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்குச் செல்ல வேண்டும். அந்தப் பரிசீலனை வேண்டும். எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. மன்றங்களில் அமர்ந்திருக்கும் நம் உறுப்பினர்கள் மூன்று வினாக்களை எழுப்பட்டும்: கோப்பு எந்நாளில் வந்தது? எந்நாளில் போயிற்று? நோயாளிக்கும் அவன் ஊருக்கும் உரிய பங்கு அதில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது?